கிணற்றுக்குத் தப்பிய கமரா

அக்கா,

இன்று காலை தங்கை மகளின் கலியாணத்துக்கு அச்சாறு போடலாமென்று வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். அந்தப் புளிப்பு மணம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. வெங்காயமும் பச்சை மிளகாயும் அப்படியே கிடக்க, நான் உங்கள் ஸ்டூடியோவின் பின்னறையில் நின்றேன். படம் கழுவும் தட்டில் நீங்கள் ஊற்றியதும் இதே சாமான்தானே. உங்கள் சேலையில், விரல் நகத்தில், நீங்கள் தரும் தேநீர்க் கோப்பையில்கூட அந்த மணம் இருக்கும். "இந்த மணத்தோட சமைச்சா மனிசன் சாப்பிடுவாரா?" என்று கேட்டால், "சாப்பிடாட்டிப் பசியோட கிடக்கட்டும்" என்பீர்கள். நீங்கள் கண்ணை மூடிய செய்தி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இவளுக்கு என்ன அச்சாறு என்று நினைக்காதீர்கள். கலியாண வீடு யாருக்காகவும் நிற்காது.

கமரா நலமாக இருக்கிறது. நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள். தோல் உறை கிழிந்து தைத்து, மறுபடி கிழிந்து தைத்தாயிற்று. பிலிம் சுற்றும் பிடி என் முழங்காலைப் போலக் கொஞ்சம் முனகுகிறது. மற்றப்படி ஒரு குறையும் இல்லை. பற்றரி கேட்காது, சார்ஜ் கேட்காது. பிள்ளைகள் போன் மாற்றி மாற்றி அலைகிறார்கள். போனோடு படமும் போச்சு என்று தலையில் கை வைக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். வாயைத் திறந்தும் சிரிப்பேன், பொய் எதற்கு. கல்முனையில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை போட்ட ஒரு பொடியன், கண்ணாடி அலுமாரியில் அழகுக்கு வைக்க இதைக் கேட்டு வந்தான். "என்னையும் சேர்த்து வைக்கிறியா மனே?" என்றேன். பிறகு இந்தப் பக்கம் காணவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அடையாள அட்டைப் படத்துக்காக உங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தேன். உங்கள் கணவருக்கு முன்னால் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நான் உட்காராமல் நின்றதைப் பார்த்து, நீங்கள் பின்னறையிலிருந்து வெளியே வந்தீர்கள். "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, அவர் புதுசு வாங்கியபின் அலுமாரித் தட்டில் தூங்கிக்கொண்டிருந்த இந்தப் பழைய கமராவை எடுத்தீர்கள். மேலே ஒரு கண், கீழே ஒரு கண். மேல்கண் பார்ப்பதற்கு, கீழ்க்கண் படம் பிடிப்பதற்கு. எடுக்கிற ஆள் எதிரில் இருப்பவரை முறைக்கத் தேவையில்லை. கமராவை வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து, அதன் மூடிக்குள்ளே பார்த்தால் போதும். அந்தக் குனிவுதான் என்னை உட்கார வைத்தது. படம் எடுத்து முடிந்ததும், "நான் ஒருக்காப் பார்க்கட்டா?" என்று கேட்டு வாங்கி, உங்களைப் பார்த்தேன். அந்தச் சின்னச் சதுர வெளிச்சத்துக்குள் வலம் இடமாக, இடம் வலமாக நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். அன்று பிடித்த பைத்தியம்தான். வீட்டுக்காரரை நச்சரித்து நச்சரித்து அதை வாங்க வைத்தேன்.

எங்கள் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு அந்நிய ஆண் வரமாட்டான். படக்காரனும் ஆண்தானே. மாப்பிள்ளைக்குப் படம் இருக்கும், அவர் கூட்டாளிமாருக்கு இருக்கும், சோறு போட்ட சகன் தட்டுக்கும் இருக்கும். மணப்பெண்ணுக்கு மட்டும் இருக்காது! நான் கமராவோடு உள்ளே போகத் தொடங்கிய பிறகுதான் அந்த அநியாயம் முடிந்தது. குரவைச் சத்தத்துக்கு நடுவில் நான் குனிந்து நிற்பேன். பெண்கள் என்னை மறந்துவிடுவார்கள். பிலிமை உங்களிடம் தருவேன். பின்னறைக் கதவைச் சாத்தி நீங்களே கழுவி, நீங்களே பிரதி எடுத்து, கறுப்புத் தாளில் சுற்றி என் கையில் தருவீர்கள். "எடுக்கிறது பாதி வேலைதான் தங்கச்சி. அது ஆர்ர கைக்குப் போகுது எண்டதையும் பார்க்கோணும்" என்பீர்கள்.

அப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான் மாமி வீட்டுக் கலியாணம் வந்தது. மாமி என் வாப்பாவின் தங்கை. தெருவில் அவர் ஒரு சொல் சொன்னால் அதற்கு மறு சொல் கிடையாது. கலியாணத்தன்று நல்ல சந்தோசம். மகளை விதவிதமாக எடுக்கச் சொன்னார், கடைசியில் அவரும் வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார். மறுநாள் யாரோ காதில் ஓதிவிட்டார்கள். நான் பிலிமோடு பஸ்ஸுக்குப் புறப்படும் நேரம் மாமி என் வாசலில் வந்து நின்றார்.

"ஆரு கா இதக் கழுவுற? ஸ்டூடியோக்காரன்தானே? இருட்டறைக்குள்ள வெச்சி எங்கட பொம்புளைகள்ற மொகத்த ஒவ்வொண்டாப் பார்ப்பான்!"

"இல்ல மாமி, அவர்ர பொஞ்சாதிதான் கழுவுற."

"எனக்குக் கதை விடாத."

பிலிம் சுருளைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டார். "இனி இந்தக் கமராவத் தூக்கிட்டு நீ ஒரு வீட்டுக்கும் போகப்படாது. போனா, கிணத்துக்குள்ளதான் போடுவன், ஓம்!" செய்யக்கூடிய ஆள்தான். மாமி வாசலை மூடினால் ஊரில் எந்த வாசலும் எனக்குத் திறக்காது. எங்கள் பெண்கள் மறுபடி முகமில்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். அன்று பஸ்ஸில் ஆத்திரத்தில் அழுதுகொண்டே உங்களிடம் வந்தேன்.

நீங்கள் கொஞ்சமும் கலங்கவில்லை. "சொன்னா நம்பமாட்டாங்க தங்கச்சி. காட்டுவம்" என்றீர்கள். போத்தல்கள், எனாமல் தட்டுகள், படத்தாள், பிலிம் கழுவும் மூடிப்பெட்டி எல்லாவற்றையும் பிரம்புக் கூடையில் அடுக்கிக்கொண்டு மாமி வீட்டுக்கே வந்து இறங்கினீர்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "உப்பில்ல, நல்லம்" என்றீர்கள். அடுப்படி யன்னலைப் பன்பாயால் அடைத்தோம். தெருப் பெண்கள் முழுக்க வந்துவிட்டார்கள்.

சுருளைக் கேட்டதும் மாமி முந்தானையை அவிழ்த்தார். "பொறு. இதில ஆராரு இரிக்கிற எண்டு முதல்ல நான் பார்க்கணும்" என்று, நாங்கள் தடுக்குமுன்னே முற்றத்து வெயிலில் அதைச் சரசரவென்று உருவினார். வெளிச்சம் பட்டால் படமெல்லாம் அழிந்துவிடுமே! நீங்கள் பாய்ந்து உங்கள் சேலைத் தலைப்பைப் போர்த்தி அதைச் சுருட்டினீர்கள். ஏசவில்லை. "உள்சுத்து மிச்சமிருக்கும். வாங்கோ உம்மா, பக்கத்தில இருந்து பாருங்கோ" என்றீர்கள்.

பிலிமைக் கழுவி, கொடியில் காயவைத்து, அடுப்படிக் கதவைச் சாத்தி, சிவப்புத் தாள் கட்டிய டோர்ச் வெளிச்சத்தில் நீங்கள் வெள்ளைத் தாளைத் தட்டுக்குள் போட்டதை நான் மறக்கவே மாட்டேன். வியர்வையும் வினாகிரி மணமும், மூச்சுப் பிடித்துக்கொண்டு அத்தனை பெண்களும். தண்ணீருக்குள் முதலில் இரண்டு புருவம், பிறகு மூக்குத்தி, பிறகு மணப்பெண்ணின் முழு முகம். "அல்லாஹ்வே, என்ட புள்ள" என்று மாமி தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் முடிந்தபின் கேட்டார்:

"நான் எங்க?"

கடைசியில் எடுத்த படம்தான் சுருளின் வெளிச்சுற்றில் இருக்கும். நீங்கள் கதவைத் திறந்து அந்தத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினீர்கள், ஒரே கறுப்பு. "உங்கள நீங்களே வெயில்ல விட்டுட்டீங்க உம்மா" என்றீர்கள். அடுப்படி சிரிப்பில் அதிர்ந்தது. மாமி மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கா பார்த்திட்டு நிக்கிற? கமராவ எடு. என்ன இப்பவே எடு!"

கிணற்றுக்கட்டில் போய் ராணி மாதிரி உட்கார்ந்தார். நான் குனிந்து பார்க்கும்போது உங்களைக் கூப்பிட்டார். "நீயும் வா மகள். என்ட மொகத்தப் பாக்கப் போற நீதானே." உங்கள் தோளை இறுகப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். நான் அழுத்தினேன். பிறகு என்னிடம் சொன்னார்: "இது ஒரு ஆம்புளைட கண்ணிலயும் படப்படாது. சொல்லிப்போட்டன்."

அதன்பிறகு எந்த வாசலும் எனக்கு மூடவில்லை. எண்பதுகளின் நடுவில் தமிழர், முஸ்லிம் என்று ஊர் இரண்டுபட்டு, நான் உங்கள் தெருவுக்கும் நீங்கள் எங்கள் தெருவுக்கும் வர முடியாமல் போன காலத்தில், ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு நாவிதன்வெளியில் உங்கள் தம்பி வீட்டுக்குப் போனீர்கள். "அந்தப் புள்ள எங்க எப்பிடி இரிக்கோ" என்று மாமி தொழுகைப் பாயில் இருந்தபடி கேட்பார். பிறகு நீங்கள் மகனோடு வெளிநாடு. நான் பிலிம் கழுவ நானே பழகிக்கொண்டேன், நீங்கள் கொடுத்தனுப்பிய தட்டுகளில், உங்கள் அளவுக் கணக்கில். மாமி மௌத்தாகிக் கண்மூடும்வரை அந்தக் கிணற்றுக்கட்டுப் படம் அவர் தலையணைக்கடியில் இருந்தது.

போன மாதம் உங்கள் மகன் போன் எடுத்தான். "அன்ரி, அம்மாட ஆஸ்பத்திரிப் படங்கள்தான் கிடக்கு. எனக்குத் தெரிஞ்ச அம்மா அதில இல்ல" என்று அழுதான். அன்றிரவே அந்தப் பழைய பிலிமைத் தேடியெடுத்து, அடுப்படி யன்னலை அடைத்தேன். மாமிக்குக் கொடுத்த வாக்கு மாமியோடு போய்விடாது. மாமி இருக்கும் பக்கத்தைக் கறுப்புத் தாளால் மூடி, உங்களை மட்டும் பிரதி எடுத்தேன். கிணற்றுக்கட்டில், வெயிலில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள் அக்கா. நான் தட்டுக்கு முன்னால் நின்று விம்மி விம்மி அழுதேன்.

படம் கிடைத்ததும் மகன் மறுபடி போன் எடுத்தான். "அன்ரி, அம்மாட தோள்ல ஆர்ரயோ கை ஒண்டு இருக்கு. கொம்பியூட்டரில அழிச்சிடட்டா?"

"கை வெச்சிப் பாரு!" என்றேன். "அது எங்கட மாமிட கை. அவ புடிச்சு இருத்தாட்டி இந்தப் படமே இல்ல."

அவன் அழிக்கவில்லை. மாலை போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறான். மாமி சொன்னபடி அவர் முகத்தை எந்த ஆணும் காணவில்லை. கை மட்டும் உங்கள் தோளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.