படங்குக்குக் கீழே இன்னொரு வண்டில்

வியாழக்கிழமை, இரவு

திங்கள் வியாபாரம் தொடங்க வேண்டும். புது வடை வண்டிலின் ஒரு சக்கரம் ஆடுகிறது. அதைச் சொல்லத்தான் இன்று வண்டில் செய்த வெல்டிங் கடைக்குப் போனேன். அங்கே படங்கால் மூடி இன்னொரு வண்டில் நின்றது. காற்றில் படங்கு விலகியபோது பார்த்தேன். அதிலும் அடுப்பு இடப்பக்கம்.

நான் இடக்கைக்காரி. அதனால்தான் கரண்டியைப் பிடித்துக் காட்டி, அடுப்பை அந்தப் பக்கம் வைக்கச் சொன்னேன். கிளிநொச்சி முழுக்கத் தேடினாலும் அப்படி வேறொரு வண்டில் இல்லை.

"இது ஆருக்கு, தம்பி?"

"துணுக்காய்ப் பக்கம் ஒராளுக்கு, அக்கா," என்றான் வெல்டிங்காரன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

துணுக்காயில் இருப்பவருக்கு என் கை எப்படித் தெரியும்?

என் வீட்டுக்காரரின் தங்கை மலர் போன கிழமை என் வண்டிலைப் பார்க்க வந்தாள். "நல்ல வடிவாயிருக்கு மச்சாள்" என்று சொல்லிக்கொண்டே பலகையைச் சாண் போட்டு அளந்தாள். போனில் படமும் எடுத்தாள். இன்று பின்னேரம் வேலியடியில் நின்று கேட்கிறாள்: "மச்சாள், வடைக்குப் பருப்பு எவ்வளவு நேரம் ஊறப் போடுறனீங்கள்?" இத்தனை வருடமாகக் கேட்காத கேள்வி.

இவரிடம் சொன்னேன். "உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றார். இவருக்கும் தெரியுமோ?

வெல்டிங்காரனிடம் ஒரு சொல் சொன்னால் அந்த வண்டிலின் அடுப்பை வலப்பக்கம் மாற்றிவிடுவான். சொல்ல மாட்டேன். மலர் வலக்கைக்காரி. நாள் முழுக்கக் கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி நீட்டிப் பொரிக்கட்டும். பொழுதுபடத் தோள் உளையும்போது தெரியும், அது யாருடைய வண்டில் என்று.