அட்டை போதும் என்ற அக்காவுக்கு

சாக்பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்த, கண்ணாடி பதிக்கும் மக்கின் வாசனை என் விரல்களை விட்டுப் போகவில்லை. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. டவுனுக்கு வெளியே சௌல்தாரியில் நான் இப்போது இருக்கும் பழைய வாடகை வீட்டின் அடுக்களை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. காலையில் மிஸ்திரி வந்து மாற்றினார். மக்கை உருட்டி உருட்டி அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள் அக்கா. நீங்கள் போன இத்தனை மாதமாக உங்களை நினைக்காமல் இருக்கத்தான் பார்த்தேன்.

டவுனுக்குள் லம்பா லைனில், உங்கள் வீட்டின் பின்பகுதியில் ஒன்பது வருடம் குடியிருந்தேன். நீங்கள் ரிட்டையரான நர்ஸ், நான் அரசுப் பள்ளி டீச்சர். இரண்டு பகுதிக்கும் நடுவே ஒரு கதவு. அதைத் தாழ்போட்ட நாள் நினைவில் இல்லை. நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். என் அப்பா அம்மாவுக்குச் சிலோனிலும் தோட்டம் கொடுத்த வீடு, இந்தத் தீவுக்கு வந்த பிறகும் தோட்டம் கொடுத்த வீடு. வேலை இருக்கும்வரைதான் கூரை. அதைச் சொன்ன அன்றைக்குத்தான் நீங்கள் சொன்னீர்கள்: "இனி இது உன் வீடுடி. நான் போனாலும் உன்னை யாரும் எழுப்ப மாட்டாங்க. என் மகன் மெயின்லேண்டை விட்டு இங்க வரப்போறதில்ல." எழுதி வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களிடம் போய் எழுதியா கேட்பேன்?

போன வருடம் மே மாதம் எனக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கி ஆர்டர் வந்தது. பல வருடம் பட்டியலில் கிடந்த பெயர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பெயர் கடைசிக்குப் போய்விடும். ஆர்டரை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். நீங்கள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தீர்கள்.

"போயேன். சுவரெல்லாம் ஒழுகும், நீ பக்கெட்டு வச்சுக்கிட்டே பாடம் நடத்து."

"அப்ப போகட்டுமாக்கா?"

"போ டீச்சரு, நல்லாப் போ. எனக்கு ஊசி போட யாராவது தெருவுல கிடைப்பாங்க."

உங்கள் கண் மங்கிய பிறகு காலை இன்சுலினை நான்தான் போட்டுவந்தேன். முப்பது வருடம் ஊருக்கே ஊசி போட்ட கைக்கு நான் ஊசி போடுகிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை. சிரித்துக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் கீரையைக் கீழே வைத்துவிட்டு, "போகாதடி" என்றீர்கள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மறுநாள் அலுவலகத்தில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் மாதக் காற்றில் பாக்கு மட்டை விழுந்து என் அறை ஜன்னல் கண்ணாடி உடைந்தது. பூப்போட்ட பழைய மங்கல் கண்ணாடி. சில்லுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்று, "ஒரு அட்டையை வச்சு ஆணி அடிச்சிடு, போதும்" என்றீர்கள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உடைந்த கண்ணாடி வீட்டுக்கு ஆகாது என்று, மூலையில் கீறல் விட்ட முகக்கண்ணாடியைக்கூட அன்றைக்கே தூக்கிப் போட்டவர் நீங்கள். "நர்ஸம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்று கேலி செய்தேன். நீங்கள் திரும்பி உள்ளே போய்விட்டீர்கள். சர்க்கரை அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

அதே பூப்போட்ட கண்ணாடிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். கடைக்காரர், "அடுத்த ஜஹாஸ்ல வந்துடும் மேடம்" என்றார். இரண்டு கப்பல் வந்தும் அது வரவில்லை. ஆகஸ்டில் மூன்றாவது கப்பலில் வந்தது. பெங்காலி மிஸ்திரி சட்டத்தை அளந்து, கண்ணாடியைச் சுற்றி ஒரு நூல் அளவு குறைத்து வெட்டினார். ஏன் குறைக்கிறீர்கள் என்று கேட்டேன். "மழையில் மரம் ஊதும் தீதி. இடம் விடாவிட்டால் கண்ணாடிதான் தெறிக்கும்" என்றார் ஹிந்தியில். நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழு வேலையையும் பார்த்தீர்கள். மக்கு வைத்து முடித்ததும் நான், "இனி இருபது வருஷத்துக்குக் கவலை இல்லக்கா" என்றேன். நீங்கள், "கொடியில துணி கிடக்கு பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள்.

டிசம்பரில், ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்து, நீங்கள் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த உங்கள் மகன் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், மார்ச்சுக்குள்ள காலி பண்ணிடுவீங்கல்ல? வாங்கினவங்க இடிச்சிட்டு லாட்ஜ் கட்டணும்னு அவசரப்படுறாங்க."

நான் விழித்ததைப் பார்த்து அவர் குரல் தணிந்தது. "அம்மா போன ஏப்ரல்லயே கையெழுத்துப் போட்டுட்டாங்க. தான் இருக்கிறவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதுன்னுதான் கேட்டுக்கிட்டாங்க. உங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்னாங்களே. சொன்னாங்கல்ல?"

சுற்றிலும் உங்கள் சொந்தக்காரர்கள். "சொன்னாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். படத்தில் மாலை வாடாத நிலையில், அத்தனை பேர் முன்னால் உங்களைப் பொய்க்காரி ஆக்க வாய் வரவில்லை. கையில் எச்சில் இலையோடு கொல்லைக்குப் போய் நின்றேன். ஏப்ரலில் கையெழுத்து. மே மாதம் என்னிடம் போகாதடி. எனக்கு வேறு போக்கிடம் இல்லாமல் போகட்டும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறீர்கள். அட்டை போதும் என்றபோது மட்டும் உண்மை உங்கள் தொண்டைவரை வந்திருக்கிறது. இடிக்கப்போகிற சுவருக்குக் கண்ணாடி எதற்கு என்று சொல்லத்தான் வந்தீர்கள். அதற்குமேல் முடியவில்லை. இடிக்கப்போகிற ஜன்னலுக்காக நான் மூன்று கப்பல் பார்த்துக் காத்திருந்ததையும் உட்கார்ந்து பார்த்தீர்கள்.

நீங்கள் ஏன் செய்தீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. மகன் தூரத்தில். கண் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நான் குவார்ட்டர்ஸுக்குப் போய்விடுவேன் என்று பயந்திருப்பீர்கள். புரிகிறது என்பதால் வலி குறைந்துவிடவில்லை. இப்போது பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறேன். என் பெயர் பட்டியலின் அடியில் கிடக்கிறது. இந்த வீட்டு அம்மாள் நல்லவர், "உங்க வீடு மாதிரி இருங்க டீச்சர்" என்றார். அன்று மாலையே ஸ்டாம்ப் பேப்பரோடு போய் நின்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

உண்மையைச் சொல்லி, "கூட இருடி" என்று நீங்கள் கேட்டிருந்தால் இருந்திருப்பேன் என்றுதான் தெரிந்தவர்களிடம் சொல்கிறேன். தனியாக இருக்கும்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிடைத்த வீட்டை விட்டுவிட்டு, போகப்போகிற உங்களுக்காகத் தங்கியிருப்பேனா? தெரியவில்லை அக்கா. வீட்டைப் பறிகொடுத்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். ஆனால், உண்மை தெரிந்தால் இவள் இருக்க மாட்டாள் என்று நீங்களே முடிவுகட்டிக்கொண்டு, என்னைக் கேட்காமலே போய்விட்டீர்கள். நீங்கள் நினைத்தது தப்பு என்று காட்ட இனி எனக்கு வழியில்லை. சரிதானோ என்ற சந்தேகத்தைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.