அமலி திரும்பிப் பார்த்தாள்

ஞாயிறு, இரவு.

இன்று பாகலூர் சாலையில் நகைக்கடை திறக்க அமலி வந்தாள். சினிமாவில் அவளுக்கு வேறு பெயர். கதாநாயகியாவதற்கு முன் என்னோடு கம்பெனியில் வேலை பார்த்து, இதே அறையில் தங்கியிருந்தவள்.

மேடையில், "ஓசூருக்கு மொத தடவையா மேடம்?" என்று கேட்டார்கள்.

"ஆமாங்க, மொத தடவை" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"நாங்க ஒரே ரூம்ல இருந்தோங்க" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னேன்.

"சும்மா கத வுடாதம்மா" என்றாள் அவள்.

அமலி காரில் ஏறும்போது எல்லோரும் சினிமாப் பெயரைக் கத்தினார்கள். நான் மட்டும், "ஏ அமலி!" என்றேன். சட்டென்று திரும்பினாள். கூட்டத்துக்குள் கண்ணால் தேடினாள். கையைத் தூக்கினேன். அதற்குள் கார்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

என்னைப் பார்த்திருப்பாளா? கோபமெல்லாம் போய்விட்டது. "லைட்ட ஆஃப் பண்ணுக்கா, தூக்கம் வருது" என்று அவள் சிணுங்குவதை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும்.