பாதியில் நின்ற படம்

செவ்வாய் நிலையம். நாள் 212. காலை 9.10

எனக்குப் பிறகு இந்த அறைக்கு வரப்போகிற டாக்டருக்கு: மருந்துக் குளிர்ப்பெட்டியின் கதவு ஒழுங்காக மூடாது. முழங்காலால் ஒரு தள்ளு தள்ளவும். மூளை ஸ்கேனர் நன்றாக ஓடுகிறது.

நிலையத்தில் மூன்று பேர். நான் ஜாஸ்பின், நரம்பியல் மருத்துவர். காற்றுக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் மாசானம், அதே வேலையில் அவர் மனைவி சண்முகக்கனி. இருவருக்கும் வள்ளியூர். மகள் பிரம்மசக்தி, எட்டு வயது, ஊரில் சித்தி வீட்டில் இருக்கிறாள்.

மாசானத்துக்கு இன்றும் வலிப்பு. போன மாதம் தலையில் அடிபட்டதிலிருந்து வருகிறது, இந்த வாரம் கூடிவிட்டது. மருந்து தீரப்போகிறது. அடுத்த கப்பல் வர ஏழு மாதம் ஆகும். யார் போட்ட கணக்கோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

நாள் 214. மதியம் 1.30

வலிப்பு கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்தால் ஊசிக்கம்பியைச் சூடேற்றி அதைச் சுட்டுவிடலாம். அதற்கு இரண்டு படம் தேவை. முதலாவது சர்க்கரைப் படம். கதிரியக்கச் சர்க்கரையை நரம்பில் ஏற்றினால், உழைக்கும் இடமெல்லாம் அதைத் தின்று ஒளிரும். நோய்ப்பட்ட இடம் வலிப்பில்லாத நேரத்தில் சோம்பிக் கிடக்கும், இருட்டாகத் தெரியும். இரண்டாவது, காந்தத்தால் எடுப்பது. பேசும்போது மூளையில் எங்கே ரத்தம் பாய்கிறது என்று காட்டும். பேச்சின் எல்லை தெரியாமல் சுடக் கூடாது.

சர்க்கரைப் படம் வந்துவிட்டது. இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, கட்டைவிரல் நகம் அளவுக்கு இருட்டு. அகப்பட்டாயா என்று கத்தியே விட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று சோறு இறங்கியது.

நாள் 215. காலை 10.50

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மாசானம் பேசப் பேசப் படம் எடுக்க வேண்டும். மனைவி பக்கத்தில் இருந்தால் தாராளமாகப் பேசுவார் என்று கனியை உள்ளேயே உட்கார வைத்தேன். காந்த அறைக்குள் உலோகம் ஆகாது என்றேன், தாலி முதற்கொண்டு கழற்றி வைத்தாள். அவர் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று டீச்சரைக் கடித்த கதையைச் சொன்னார். பாதிப் படம் வந்திருக்கும். வலிப்பு வந்தது.

நான் ஊசி மருந்தோடு ஓடினேன். கனி வெளியே ஓடினாள். தண்ணீருக்கு என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தவள் கையில் குழாய் ஸ்பேனர்.

எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பார்கள். சாவிக்கொத்தோ அரிவாளோ, எது கிடைத்தாலும். அதனால் ஒன்றும் ஆகாது என்று கனிக்கும் தெரியும். பதற்றத்தில் யாருக்கு எது ஞாபகம் இருக்கிறது?

காந்தம் இழுத்த இழுப்பில் ஸ்பேனர் அவள் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி, அவர் படுத்திருந்த ஸ்கேனர் உருளையின் குறுக்கே ஒட்டிக்கொண்டு வழியை அடைத்தது. அவரை வெளியே இழுக்க முடியவில்லை. காந்தத்தை அணைக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். காந்தத்தைக் குளிர்வித்த ஹீலியம் முழுவதும் வெளியே போய்விட்டது. இனி இங்கே காந்தம் இல்லை, பேச்சின் படமும் இல்லை.

அறை ஒலிப்பதிவில் கனியின் குரல்: "இரும்பத்தான குடுக்க வந்தேன் டாக்டரம்மா! அவுக கையில குடுக்கத்தான வந்தேன்!"

வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நாள் 219. மாலை 4.00

இன்று வலிப்பு விட்டுவிட்டு நாலு தடவை. கடைசி ஊசியும் போட்டாயிற்று. அடுத்தது நிற்காமல் வந்தால் உயிர் தங்காது.

இருவரிடமும் உள்ளதைச் சொன்னேன். இருட்டு எங்கே இருக்கிறதென்று தெரியும். பேச்சு அதற்குப் பக்கத்திலா, அதற்குள்ளேயேவா, தெரியாது. சம்மதத்துக்காக மாசானத்தின் பதிலைப் பதிந்தேன்.

"பேச்சு போனா போவட்டும் டாக்டரம்மா. புள்ள மொகத்தப் பாக்கணும்லா. நீங்க சுடுங்க."

அதன் பிறகு மைக்கை வாங்கிக்கொண்டு போய் மகளுக்குப் பேசிப் பேசிப் பதிந்து வைத்தார். பின்னணியில் கனி சொல்வதும் அதில் கேட்கிறது: "எதுக்கு இதெல்லாம்? நல்லாயிருவிய."

நாள் 220. மதியம் 12.15

சுட்டேன்.

நாள் 241. காலை 8.30

வலிப்பு அடியோடு நின்றுவிட்டது. மூளை அலைகள் சுத்தம். மாசானம் குழாய் வேலைக்குப் போகிறார், சிரிக்கிறார், சொன்னால் எல்லாம் புரிகிறது. ஒரு வார்த்தை வரவில்லை. தண்ணீர் என்று கேட்கத் தெரியாமல் டம்ளரைக் காட்டுகிறார். ஒரு மனுஷனின் பேச்சை என் கையால் சுட்டுவிட்டேன்.

வாரம் ஒன்றாகப் பழைய பதிவுகளைக் கனி ஊருக்கு அனுப்புகிறாள். பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டாள். நானும் சரி என்றேன்.

நாள் 263. மாலை 5.40

பூமியிலிருந்து, பிரம்மசக்தி:

"எப்பா, பல்லு விழுந்துட்டுன்னு நான் சொன்னேன்லா. நீங்க ஒழுங்கா பள்ளிக்கூடத்துக்குப் போன்னு சொல்லுதிய. போன வாட்டி கேட்டதுக்கும் பதிலே இல்ல. நான் பேசுதது கேக்குதா ஒங்களுக்கு?"

கனி அவசரமாகப் பதிவுகளைப் புரட்டினாள். பல்லைப் பற்றி எதிலும் இல்லை. மாசானம் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார். கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தார்.

"ஆ... ப்... ஆ..."

மறுபடியும் அதேதான். வெகுநேரம் அதேதான். கனி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழித்துவிடட்டுமா என்று நான் கேட்டேன். கூடாது என்று தலையாட்டினார். அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

அது போய்ச் சேர்ந்திருக்கும். மூன்று பேரும் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளை இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள்.