ஒரே மாதிரி ஐந்து கடிதம்

பேசாலை
03.03.2025

இல்லையடா தம்பி, அப்ப அந்தச் சொல்லுக்கு நல்ல கருத்து ஒண்டுமே இல்லையோ? நீ போனை எடுக்கிறாயில்லை, அதுதான் எழுதுறன். கடிதமெண்டா இடையில கட் பண்ண ஏலாதுதானே.

உன்னை அகதியா அங்க இருக்கவிட ஏலாதெண்டு அந்த வெள்ளைக்காரக் கந்தோர் குடுத்த கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினியெல்லே, அதைக் கொண்டுபோய்த் தக்சிகா மிஸ்ஸிட்டக் காட்டினனான். இஞ்ச பள்ளிக்கூடத்தில இங்கிலிஸ் படிப்பிக்கிற பிள்ளை. கடகடவெண்டு வாசிச்சுக்கொண்டு வந்த பிள்ளை ஒரு சொல்லில நிண்டிட்டுது. உன்ர கதையை நீ கொன்கொக்ட் பண்ணினதெண்டு என்னவோ. "என்ன பிள்ளை அது?" எண்டன். "மனசுக்குள்ள யோசிச்சு உண்டாக்கிறது மாமி" எண்டுது. எனக்கெண்டா சந்தோசம். என்ர மருமகன் யோசிச்சுக் கதைச்சிருக்கிறான் எண்டு ஒரு தோத்திரமும் சொல்லிப்போட்டன்.

பேந்துதான் அது மெல்லச் சொல்லுது. "அப்பிடியில்லை மாமி. பாலம் கட்ட யோசிச்சா அதுக்கு வேற சொல்லு. பிள்ளைக்குப் பேர் யோசிச்சா அதுக்கும் வேற சொல்லு. இது இல்லாததைச் சோடிக்கிறதுக்கு. இந்தச் சொல்லை ஒருத்தரும் தன்னைப்பற்றிச் சொல்லமாட்டினம். மற்றவையைப் பற்றித்தான் சொல்லுவினம், அதுவும் நம்பாத நேரத்தில." விளங்கட்டுமெண்டு ஒரு வசனமும் சொல்லிக் காட்டினது. வீட்டுவேலை செய்யாத பெடியன், கொப்பியை நாய் திண்டதெண்டு வாத்தியாருக்கு ஒரு சாட்டுச் சோடிச்சானாம்.

சாட்டோ தம்பி? உன்ர முதுகில கிடக்கிற தழும்பு சாட்டோ? காணாமப் போன கொப்பர்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு போராட்டத்தில நிண்டதுதானே நீ செய்த குற்றம். வலை காயப்போட்டுக்கொண்டு நிண்ட உன்னை நம்பர் பிளேட் இல்லாத வானில ஏத்திக்கொண்டு போய், கொண்டச்சிப் பக்கம் பற்றைக்குள்ள எறிஞ்சவங்களே. அதை ஊரே அறியும். நாங்கள் அஞ்சு பேர் சாட்சிக் கடிதமும் எழுதித் தந்தனாங்கள். அப்பிடியிருந்தும் ஏன் நம்பேல்லையாம்? கேட்டு எழுது.

தவக்காலம் துவங்கப்போகுது. நான் உனக்காக மீனை விட்டிட்டன். பேசாலையில இருந்துகொண்டு மீனை விடுறது லேசோ, நீயே சொல்லு.

மடு மாதா உன்னைத் தன்ர முந்தானைக்குள்ள வச்சிருக்கட்டும்.
உன்ர பெற்றிசியா மாமி

ஷெபீல்ட்
15.03.2025

அன்புள்ள மாமிக்கு,

போனில் கதைத்தால் கத்திவிடுவேன். அதனால்தான் எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தையும் இருமுறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

ஏன் நம்பவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஐந்து கடிதங்களால்தான் மாமி.

என்னை விசாரித்த அதிகாரி ஐந்தையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தா. ஐந்தும் "ஆற்றொணாத் துயருடன் அறியத்தருவது" என்று தொடங்குகிறது. ஐந்திலும் நான் "வாடிய மலர்போல்" வந்து சேர்ந்தேன். இங்கிலிசுக்கு மாற்றினாலும் ஐந்தும் ஒன்றேதான். "ஐந்து பேருக்கும் ஒரே மலர் எப்படி ஞாபகம் வந்தது?" என்று கேட்டா. நான் என்ன சொல்ல? அது மீனவர் சங்கத் தலைவர் சிங்கராசா மாமாவின் தமிழ் என்றா? செத்தவீட்டு நோட்டீசிலும் கலியாண வாழ்த்திலும் அவர் அதைத்தானே எழுதுகிறவர்.

அதைவிட, ஐந்தில் ஒன்றில் நிறஞ்சலாக்கா "என் இரு கண்களால் கண்டேன்" என்று கையெழுத்து வைத்திருக்கிறா. அந்த நேரம் அவ குவைத்தில் மாமி! எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்காக நீங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்ன பொய், நான் சொன்ன உண்மையையும் விழுங்கிவிட்டது.

இதை யார் யோசித்தது?

மே மாத நடுவில் நீதிபதி முன்னால் கடைசி விசாரணை. அதுவும் தோற்றால் என்னைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த வான்காரர்கள் எங்கும் போய்விடவில்லை, உங்களுக்கே தெரியும். குடும்பத்துக்கு வெளியே யாராவது நேரில் கண்டிருந்தால் பலம் என்கிறா என் லோயர். பற்றையிலிருந்து உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண் திறந்தபோது உங்கள் வீட்டு முகடுதான் தெரிந்தது.

மீனைச் சாப்பிடுங்கோ மாமி. நீங்கள் பட்டினி கிடந்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

டிலோஜன்

பேசாலை
27.03.2025

மகன் டிலோஜனுக்கு மாமி எழுதுறது.

யோசிச்சது நான்தான். ஏன் மறைப்பான்? வெள்ளிக்கிழமை செபமாலை முடிய என்ர வீட்டு விறாந்தையில எல்லாரையும் இருத்தி, பிளேன்ரீ ஊத்திக் குடுத்து, சிங்கராசா அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுவிச்சனான். அதில என்ன பிழை? ஒராள் தனிய இருந்து முணுமுணுக்கிறதுக்கும், கோயில் நிறைய ஆக்கள் ஒரே குரலில "அருள் நிறைந்த மரியாயே" சொல்லுறதுக்கும் வித்தியாசம் இல்லையோ? ஆளுக்காள் வேற வேற சொல்லுச் சொன்னா அது செபமோ, சந்தையோ? சங்கத்தில மண்ணெண்ணெய் கேட்டு அரசாங்க டீ.எஸ். கந்தோருக்குக் கடிதம் குடுக்கேக்கையும் எல்லாருக்கும் ஒரே வசனம்தான். வேற மாதிரி எழுதினாத்தான் "உங்களுக்குள்ளயே ஒற்றுமை இல்லை" எண்டு திருப்பி விடுவினம். இஞ்ச அப்பிடித்தான். அங்க ஒற்றுமையாயிருந்தா பொய்யெண்டு எனக்கு ஆர் சொன்னது?

நிறஞ்சலாவிட்டக் கேட்டன். "கண்ணால காணாட்டி என்ன மாமி, போனில கேட்டு நான் அழுத அழுகையில முதலாளியம்மா எனக்கு ஒரு நாள் லீவு தந்தவ" எண்டுறாள். சிங்கராசா அண்ணனுக்கு உன்ர கடிதத்தை வாசிச்சுக் காட்டினன். முகம் சுருங்கிப்போச்சு. "என்ர தமிழில என்ன பிழை கண்டவங்கள்?" எண்டார். "தமிழில பிழை இல்லையாம் அண்ணை, அதுதான் பிழையாம்" எண்டன். தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிப் போனார்.

நீ கோவிக்காதை. நான் இப்ப வேற வழி கண்டிட்டன். இந்த முறை ஒண்டும் ஒரே மாதிரி இராது. தக்சிகா மிஸ் ஆளுக்கு ஒண்டா எழுதித் தந்துதெண்டா, ஒருத்தர் சுருக்கமா எழுதட்டும், ஒருத்தர் அழுதழுது எழுதட்டும். எழுத்துப் பிழை விட்டு எழுதச் சிங்கராசா அண்ணனும் ஒருமாதிரி ஓமெண்டிட்டார். றகரத்தை மாத்திப் போடச் சொன்னதுக்கு என்னைக் கொல்ல வந்தவர். வெளியாள் வேணுமெண்டு கேட்டியெல்லே? கீரிமீன் எடுக்க வாற யாவாரி ஒராள் இருக்கிறார், நல்ல மனிசன். அவரைக் கண்டவரெண்டு எழுதச் சொல்லலாம். மிஸ்தான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை. "பாப்பம் மாமி" எண்டிட்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது. என்ன பயமோ தெரியாது.

மடுவுக்குப் போய் உன்ர பேரில மெழுகுதிரி கொளுத்தினனான். காத்துக்கு அணையாமல் கடைசிமட்டும் எரிஞ்சது.

பெற்றிசியா மாமி

ஷெபீல்ட்
06.04.2025

மாமி,

வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம்.

மீன் யாவாரியிடம் போகாதீர்கள். தக்சிகா மிஸ் ஏன் நிலத்தைப் பார்த்தா என்று உங்களுக்கு விளங்கவில்லையா? அந்தச் சொல்லுக்குக் கருத்துச் சொல்லித் தந்ததே அவதானே. அந்தக் கந்தோர் என்னைப்பற்றி எழுதியது இதுவரை பொய். நீங்கள் இப்போது செய்யப்போவதுதான் அதை உண்மையாக்கும். ஐந்து பேர் ஐந்து மாதிரிச் சோடித்தாலும் அதற்குப் பெயர் அதுதான்.

இங்கே என் அறையில் இன்னொருவர் இருக்கிறார். அவருக்குப் போன கிழமை, இருக்கவிட முடியாதென்று பதில் வந்தது. அன்றைக்கே சாமான்களைப் பையில் அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டார். உடுப்புத் தேவையென்றால் பையைத் திறந்து எடுத்து, திரும்பவும் பூட்டுகிறார். நானும் இனி அப்படித்தான் இருக்கவேண்டுமோ தெரியாது.

லோயர் உங்களிடம் ஒரேயொரு கடிதம் கேட்கிறா. உங்களிடம் மட்டும். கையால் எழுதி, தபாலில், அந்தக் கடித உறையோடு. நீங்கள் கண்டது மட்டும். கேள்விப்பட்டது வேண்டாம், நினைத்தது வேண்டாம், எனக்கு உதவும் என்று தோன்றுவது வேண்டவே வேண்டாம். வெட்கமாக இருந்தாலும் எழுதுங்கோ. எழுதும்போது பக்கத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது, சிங்கராசா மாமா முற்றத்திலும் நிற்கக்கூடாது.

அது முடியாதென்றால் ஒன்றும் எழுதாதீர்கள். இதற்குப் பிறகு என்னோடு கதைக்கவும் வேண்டாம். அப்பாவுக்குப் பிறகு எனக்கு இருக்கிறது நீங்கள் மட்டும்தான். அதைத் தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

டிலோஜன்

பேசாலை
19.04.2025
பெரிய சனி

தம்பி,

தனியத்தான் இருக்கிறன். கதவைச் சாத்திப்போட்டன். சிங்கராசா அண்ணன் படலையில நிண்டு இருமினார். "போங்கோ அண்ணை, இண்டைக்குத் தமிழ் வேண்டாம்" எண்டு உள்ளுக்க இருந்தே சொன்னன். போயிட்டார். யாவாரியிட்ட நான் போகேல்லை. உன்ர கடிதம் வந்தாப்போல சிலுவைப்பாதைக்குப் போனன். யேசுவுக்கு எதிராப் பொய்ச்சாட்சி சொன்னவையின்ர இடம் வரேக்க முழங்காலில நிக்க ஏலாமப் போச்சு. அதைப்பற்றி இனிக் கதைக்கமாட்டன். கண்டதை எழுதுறன்.

மத்தியானம். நான் குசினியில விளைமீன் செதில் தட்டிக்கொண்டு இருந்தனான். ஆட்டோச் சத்தம் கேட்டது. நாய் குலைச்சது. வெளியில வந்து பாத்தா, முன்பின் தெரியாத ஒரு மனிசன் உன்னைத் தோளில போட்டுக்கொண்டு படலையை உதைச்சுத் திறக்கிறார். வான்காரரில ஒருத்தன்தான் எண்டு நினைச்சு, கையில அம்பிட்ட அகப்பையால அவர்ர தலையில அடிச்சுப்போட்டன். ஒருக்கா இல்லை, கைநோவெடுக்குமட்டும். வாயில வந்த பேச்செல்லாம் பேசினன், அதை இதில எழுத ஏலாது. அந்த மனிசன் தலையைக் குனிஞ்சுகொண்டு அடியை வாங்கிக்கொண்டே உன்னை உள்ளுக்க கொண்டுவந்து பாயில கிடத்தினார். பேந்துதான் சொன்னார், "உம்மா, நான் ஆட்டோக்காரன். பற்றைக்குள்ள கிடந்தவர். பேசாலை, பெற்றிசியா மாமி, பேசாலை, பெற்றிசியா மாமி எண்டு இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தவர். ஆஸ்பத்திரி எண்டா அழுறார்."

இதை அந்தக் கடிதத்தில எழுத நான் விடேல்லை. உதவிக்கு வந்தவனை அடிச்சனான் எண்டு ஊருக்குத் தெரிஞ்சா வெட்கமெண்டு விட்டனான்.

இன்னொண்டும் விட்டனாங்கள். உன்ர உடம்பில துணி இருக்கேல்லை ராசா. ஆட்டோக்காரற்ற சேட்டுத்தான் உன்ர இடுப்பில சுத்தியிருந்தது. அவர் பெனியனோட நிண்டவர். அதைத்தான் சிங்கராசா அண்ணன் வாடிய மலர் எண்டு எழுதினவர். உன்ர மானத்தை மூட நினைச்சுத்தான். முதுகு கண்டியிருந்தது. பென்சில் பிடிக்கிற தடிப்பில கோடு கோடா, சிலது வெடிச்சு, அதில மண் ஒட்டியிருந்தது. இடது கால் பெருவிரலில நகம் இல்லை. கண் ரெண்டும் வீங்கி மூடியிருந்தது. ஆட்டோக்காரர் தண்ணி கேட்டார். தனக்காக்கும் எண்டு செம்பில குடுத்தன். அவர் விரலை நனைச்சு நனைச்சு உன்ர வாயில விட்டார். நீ என்ர கையைப் பிடிச்சு "அம்மா" எண்டாய். கொம்மா செத்துப்போன நாளில இருந்து நீ ஒருத்தரையும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை. இது அந்த லோயருக்குத் தேவையோ தெரியாது. கண்டதை எழுது எண்டாய், காதால கேட்டதும் எழுதிப்போட்டன்.

அந்த மனிசன்ர பேரைக் கேட்டனான். சொல்லேல்லை. அவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. தெரியுமெண்டு எழுதினா உனக்கு நல்லதெண்டு விளங்குது. எண்டாலும் தெரியாது. ஆட்டோ என்ன நிறமெண்டும் சொல்லமாட்டன், நான் உன்னைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். இவ்வளவுதான் நான் கண்டது. இது போதாட்டி நான் என்ன செய்ய மகன். வாசிச்சுப் பாத்தா எனக்கே இது ஒரு சாட்சி மாதிரித் தெரியேல்லை. சும்மா அடுப்படிக் கதை மாதிரிக் கிடக்கு.

நீ கதைச்சாலும் கதைக்காட்டியும் உன்ர மாமி
செ. பெற்றிசியா

தம்பி, உறையை ஒட்டப்போனனான், திரும்பப் பிரிச்சிட்டன். இப்பதான் ஒண்டு ஞாபகம் வருது, அந்த ஆட்டோக்கார மனிசன் ஆரெண்டு தேட உதவுமோ தெரியாது. அவர் வெளியில போய் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ண முதல் அவர்ர போன் அடிச்சது. நான் வாசல்படியில நிண்டனான். "ஓம் றஹீமா, சுணங்கிப்போச்சு, பிள்ளையைத் தாராபுரம் பள்ளிக்கூடப் படலையடியில நிக்கச் சொல்லு, இந்தா வாறன்" எண்டவர்.