உக்கார முடியாதவன்

கித்துல்கல
9.3.2003

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் தவராசா எழுதுறது. நான் சுகமா இருக்கேன். உங்க முழங்கால் வலி கொறஞ்சிச்சா?

இங்க வெள்ளக்காரங்கள வள்ளத்துல கூட்டிட்டுப் போறோம். ஈரக் கால்சட்டையோட நாள் முழுக்கப் பலகையில உக்காந்து துடுப்பு போட்டா தொடை உரசிப் புண்ணாயிரும். அதனால காலையிலயே தேங்கா எண்ண பூசிக்குவேன். நம்ம தோட்டத்துக் கங்காணி மகன் சிவலிங்கம்தான் இங்க பெரிய கைடு. தினமும் என் எண்ணய எடுத்துப் பூசிக்கிட்டு, "தோட்டத்துத் தோலுக்கு எதுக்குடா எண்ண?"ன்னு எல்லாருக்கும் முன்னால சிரிப்பான்.

வியாழக்கிழம அந்த எண்ணப் போத்தல்ல தலவலித் தைலத்தக் கலந்து வச்சேன். வழக்கம்போலப் பூசிக்கிட்டு வந்த சிவலிங்கம் ஐயா, நடு ஆத்துக்குப் போனதும் தானாவே தண்ணியில குதிச்சிட்டாரு. நான்தான் துடுப்ப நீட்டி ஏத்துனேன். பயப்படாதீங்க, யாருக்கும் தெரியாது.

இந்தப் பக்கம் யாராச்சும் வந்தா, தையல வெளிப்பக்கமா வச்ச கால்சட்ட ஒண்ணும், பலகையில விரிக்க உங்க பழைய சீலத் துண்டும் குடுத்துவிடுங்க. சீலயத் தொவைக்காமக் குடுங்க.

வள்ளம் எறக்கக் கூப்பிடுறாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். காலையில பேர் குடுக்குற பெரட்டுக்குப் பிந்தி வந்தீங்கன்னு உங்கள மழையில நிக்க வச்சாரே கங்காணி, அவரு மகன் மூணு நாளா நின்னுக்கிட்டேதான் சோறு திங்கிறான்.

தவராசா