தினமும் முந்நூற்று ஐம்பது

ஜூன் 11, புதன்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஊரில் பேச முடியாததை இங்காவது எழுதுகிறேன். நான் வேதியியல் நடத்திய பள்ளியிலிருந்து என்னை வெளியேற்றியவன் ஜீவானந்தம். எனக்குக் கீழே ஆய்வகம் பார்த்தவன், இன்று அங்கே முதல்வர். அதே பள்ளி விடுதிக்குத்தான் மாதக் கடைசியில் என் மகள் அகல்யா போகிறாள். மார்க்கைப் பார்த்து அவர்களே கூப்பிட்டார்கள். "உங்க ரோசத்துக்குப் புள்ளையப் பலி குடுக்காதீங்க" என்றாள் என் மனைவி நர்மதா. கொடுக்கவில்லை. சரி என்றுவிட்டேன்.

ஜூன் 14, சனி

அகல்யாவின் ஆஸ்துமாவுக்கு ஊதிப் பார்க்கும் மீட்டர் வாங்க நாமக்கல் போனேன். இழுப்புச் சத்தம் கேட்பதற்கு முன்பே மூச்சின் வேகம் குறைந்துவிடுமாம். மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்கும் என்றார் டாக்டர். கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளும் மின்னணு மீட்டர்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் விடுதியில் பேட்டரி போட்ட எதற்கும் அனுமதி இல்லை. ஆகவே சிவப்பு முள் நகரும் பிளாஸ்டிக் குழாய். குழந்தைகளுக்கானது வேண்டாம், பெரியவர்கள் அளவு. கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும் என்பதால் ஒரே கம்பெனியில் இரண்டு: வீட்டுக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று. நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பதைப் பார்த்துக் கடைக்காரர், "ஊதறதுக்கு இத்தன ஆராய்ச்சியா சார்? ஒரு பலூன் வாங்கிக் குடுங்க" என்றார். சிரிக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

அகல்யாவை விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். வீட்டில் இரண்டு வாரம் ஊதியதில் அவளுடைய சிறந்த அளவு 380. முந்நூறுக்கு மேல் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், 190 வந்தால் சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. எல்லாவற்றையும் வார்டனிடம் சொல்லிப் புது மீட்டரைக் கொடுத்தேன். ஜீவானந்தம் மாடியில் நின்றிருந்தான். வணக்கம் சொல்லவில்லை. நானும்தான்.

ஜூலை 8, செவ்வாய்

தினமும் சாயங்காலம் வார்டன் நர்மதாவுக்குப் போன் செய்கிறாள். "முந்நூத்தம்பதுங்கம்மா. பச்சைலதான் இருக்குது." நேற்றும் அதே. முந்தாநாளும் அதே. ஆய்வகத்தில் எந்த மாணவனுக்காவது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வந்தால், அவன் செய்து பார்க்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். நர்மதாவிடம் சொன்னேன். "அந்த ஸ்கூல்ல எது நடந்தாலும் உங்களுக்குக் குத்தந்தான்." இருக்கலாம். எனக்கே என்மேல் சந்தேகம்.

ஜூலை 20, ஞாயிறு

பார்வையாளர் நாள். பேசும்போதே அகல்யாவின் தோள் ஏறி இறங்கியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் ஒரு வாரமாகத் தூங்குகிறாளாம். சொன்னதற்குச் சளி மாத்திரை கொடுத்தார்களாம். தினமும் ஊதுகிறாயா என்றேன்.

"மீட்டரா? இங்க வந்ததுல இருந்து அத நான் கண்ணுலயே பாக்கலியேப்பா."

வார்டன் அறைக்குப் போனேன். அலமாரியில் இருந்தது. உறை கூடப் பிரிக்கவில்லை. நான் கொடுத்தது கொடுத்தபடி — அப்போ தினமும் என் பொண்டாட்டிகிட்ட சொன்னது என்ன? அங்கேயே பிரித்து ஊதவைத்தேன். மூன்று தடவை. அதிகபட்சம் 180.

வார்டன் அழுதாள். "பெத்தவங்க பயந்துக்கக் கூடாது, நல்லதா ஒரு நம்பர் சொல்லுங்கன்னு ஆபீஸ்ல சொல்லிப்போட்டாங்க சார்."

நல்லதா ஒரு நம்பர்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அகல்யாவால் பேசவே முடியவில்லை. இன்னும் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், நர்மதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 21, திங்கள்

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அகல்யா முதலில் கேட்டது கிருத்திகாவைப் பற்றி. பக்கத்துக் கட்டில் பெண். அவளும் இன்ஹேலர் போடுகிறவள். சேந்தமங்கலத்தில் லாரி வைத்திருக்கும் அவள் அப்பா அங்கமுத்துவுக்குப் போன் செய்தேன்.

"எங்க புள்ளைக்கும் முந்நூத்தம்பதுன்னுதானுங்க தினமும் சொல்றாங்க. நல்லா ஊதறா போலன்னு நெனச்சேனுங்க."

எந்த மீட்டர் வாங்கிக் கொடுத்தீர்கள் என்றேன்.

"நாங்க மீட்டரே வாங்கிக் குடுக்கலீங்களே சார்."

ஜூலை 24, வியாழன்

அகல்யா வீட்டில். நேற்று 270, இன்று 310. கிருத்திகாவை அங்கமுத்து அன்றே கூட்டி வந்துவிட்டார். இன்ஹேலர் வைத்திருக்கும் மற்றப் பெண்களின் பெயர்களை அகல்யாவும் கிருத்திகாவும் சொன்னார்கள். போன் நம்பர் கிடைக்கவில்லை; விலாசங்களை அங்கமுத்து விசாரித்துத் தந்தார். அந்த வீடுகளில் இன்று சாயங்காலமும் போன் அடித்திருக்கும்.

அந்தப் பெற்றோர்களுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். அங்கமுத்து படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "புள்ளைங்க சங்கதி கடைசிப் பக்கத்துலதானுங்க வருது. உங்க பேரப் பாத்தாங்கன்னா, வேல போன கடுப்புல எழுதறாருன்னு தூக்கிப் போட்டுருவாங்க."

கோபம் வந்தது. ஜீவானந்தம் யாரென்று ஊருக்குச் சொல்ல இதைவிட ஒரு சந்தர்ப்பம் எனக்கு இனி வாய்க்காது. அவன் முகத்துக்கு நேரே என் கையெழுத்து இருக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்.

மூன்று பக்கங்களைக் கிழித்தேன். மீதியைத் திரும்ப எழுதினேன்: உறை பிரிக்காத மீட்டர், இரண்டு பெண்களுக்கும் ஒரே எண், நேரில் போய் உங்கள் மகளை உங்கள் கண்முன்னே ஊதவையுங்கள். அவ்வளவுதான். ஜீவானந்தம் பெயர் இல்லை.

என் பெயரும் இல்லை. காலையில் முதல் தபாலில் போடுகிறேன்.